சேற்றிலிருந்து மின்சாரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பாக்டீரியா எதற்காக மின்சாரம் தருகிறது?

நமக்குத் தருவதற்காக இல்லை, அது மூச்சு விடுகிறது. நாம் உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். சேற்றின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் ஜியோபாக்டர் போன்றவை எலக்ட்ரான்களைத் துரு மாதிரியான இரும்பு ஆக்சைடில் கொண்டுபோய் விடுகின்றன. துரு செல்லுக்குள் நுழையாது என்பதால், உடம்புக்கு வெளியே எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் புரதங்கள் அவற்றிடம் இருக்கின்றன. துரு இருக்கும் இடத்தில் ஒரு கரித்துண்டைப் புதைத்தால் அதிலும் விட்டுவிடும். அதுதான் ஆனோடு. கம்பி வழியாக மேலே வரும் எலக்ட்ரான், காற்றுப் படும் இன்னொரு கரித்துண்டான கேத்தோடில் ஆக்சிஜனோடும் புரோட்டானோடும் சேர்ந்து தண்ணீராகிறது. இந்த அமைப்பு முழுவதும் சேர்ந்ததுதான் ஒரு கலம். எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத விஷயம் இது.

மல்டிமீட்டரில் 0.6 வோல்ட் காட்டுகிறது, ஆனால் எல்இடி எரியவில்லையே?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். முதலில், சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். அதைவிட முக்கியம், நீங்கள் பார்த்த 0.6 என்பது எதையும் இணைக்காதபோது இருக்கும் மின்னழுத்தம். ஒரு 1000 ஓம் மின்தடையை இணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டாக இறங்கிவிட்டது என்று வையுங்கள், ஓடுவது 0.1 மில்லிஆம்பியர், திறன் வெறும் 0.01 மில்லிவாட், ஒரு சிறிய எல்இடி கண்ணுக்கு நன்றாகத் தெரிய சில மில்லிவாட் தேவைப்படும். சரி, நாலு கலத்தைத் தொடராக இணைக்கலாமா என்றால், இணைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்க வேண்டும், ஒரே வாளித் தண்ணீரில் நான்கையும் வைத்தால் தண்ணீர் வழியாகவே கசிந்துவிடும். அப்புறம், பலவீனமான ஒரு கலத்தின் மின்னழுத்தத்தை மற்றவை தலைகீழாக்கிவிடுவதும் நடக்கும். அதனால் ஒரு கெப்பாசிட்டரில் மெதுவாகச் சேர்த்து, அழுத்தத்தை உயர்த்தும் சுற்று வழியாக எல்இடியை விட்டுவிட்டு மினுக்க வைப்பதுதான் எளிது.

செம்புத் தகடும் துத்தநாக ஆணியும் வைத்துச் செய்தேன், முதல் நாளே நன்றாக வந்தது. சரிதானே?

இல்லை. அங்கே கரைந்துகொண்டிருப்பது துத்தநாகம், நீங்கள் செய்தது சாதாரண உலோக பேட்டரி. செம்பு அயனிகள் பாக்டீரியாவுக்கு நஞ்சும்கூட. இரண்டு பக்கமும் கிராஃபைட் துணி அல்லது கரித்தண்டு வையுங்கள். ஆனோடின்மேல் பாக்டீரியா படலம் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், முதல் நாளே வருவதைச் சந்தேகப்படுங்கள்.

சர்க்கரை போட்டால் கூடுமா?

கொஞ்ச நேரம் கூடலாம். ஆனால் அதிகமானால் நொதிக்கும் கூட்டம் முந்திக்கொள்ளும், அமிலம் ஏறும், மீத்தேன் உண்டாக்குபவை பங்குக்கு வரும். ஜியோபாக்டருக்குப் பிடித்தது அசிட்டேட் (வினிகரில் இருக்கும் அமிலத்தின் உப்பு), ஒரு மூலக்கூறில் 8 எலக்ட்ரான் கிடைக்கும்.

ஒரு வீட்டுக்கே இதில் மின்சாரம் எடுக்க முடியுமா?

முடியாது என்று நேராகவே சொல்கிறேன். நல்ல ஆய்வகக் கலத்திலேயே ஒரு சதுர மீட்டர் மின்வாய்க்குச் சில வாட்தான், பெரிதாகக் கட்டும்போது இன்னும் குறைகிறது. சூரியத் தகட்டோடு போட்டிக்கு நிறுத்தினால் தோற்கும். கழிவுநீரில் நிறுத்திப் பாருங்கள். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் செலவாகும் மின்சாரத்தில் பாதியளவு, தொட்டிக்குள் காற்றை ஊதவே போய்விடுகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் காற்று ஊதாமலே அழுக்கைத் தின்கின்றன. மின்சாரம் கொஞ்சமாக வந்தாலும், மிச்சமாகும் அந்தக் காற்றுச் செலவுக்காகத்தான் நான் இத்தனை வருடம் இதிலேயே கிடக்கிறேன். கடலடிச் சேற்றில் மின்வாயைப் புதைத்து உணர்கருவிகளை இயக்கியிருக்கிறார்கள், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு குழு 2013-ல் சிறுநீரை வைத்து செல்போனுக்கே சார்ஜ் ஏற்றிக் காட்டியது.

குழந்தைகள் செய்யலாமா?

தாராளமாக, பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். சேற்றில் வேறு கிருமிகளும் இருக்கும், கையுறை போட்டு, முடித்ததும் சோப்பால் கழுவ வேண்டும். பாத்திரத்தை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும், கேத்தோடுக்கும் காற்று வேண்டும்.