இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

வணக்கம் சார். அம்மாவுக்கு வந்திருப்பது மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று கண்டுபிடிக்கவே ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். இந்த நோய்க்கு அடையாளமாக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை, அதனால் அதுவாக இருக்காது என்றார்கள். இப்போது ஒரு ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு நோய் நிபுணர், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது, பெரிய மாற்றம் இல்லை. வேறு இடத்தில் ஊசி போட்டால் இரண்டே நாளில் சரியாகும் என்கிறார் சித்தப்பா. இது புற்றுநோய் மருந்து என்று அண்ணன் சண்டை போடுகிறான். டாக்டரோ பொறுமையாக இருங்கள் என்கிறார். எத்தனை நாளைக்கு சார்?

— ம.

அன்புள்ள ம.,

நான் டாக்டர் இல்லை. என் மனைவிக்குப் பதினொரு வருடமாக இதே நோய், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லாமலும் முடக்குவாதம் வரும், அவளுக்கும் அப்படித்தான், எங்களுக்கும் ஒரு வருடம் அதில் போனது.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும், நிஜமாகவே எழுந்து நடக்க வைக்கும். 1948இல் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் சில நாட்களில் நடமாடத் தொடங்கிவிட்டார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசே கிடைத்தது. அப்புறம்தான், தொடர்ந்து கொடுத்தால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும் என்பதெல்லாம் வெளியே வந்தது. இன்றும் டாக்டர்களே மெதுவான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை கொஞ்ச காலத்துக்கு அதைக் கொடுப்பதுண்டு, அது வேறு விஷயம்.

நான் ஏமாந்தது இங்கேதான். மெத்தோட்ரெக்சேட் தொடங்கிய ஏழாவது வாரம் பொறுமை போய், யாரோ சொன்னார்கள் என்று மனைவியை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாளில் வலி இல்லை. ஊசி போட்டவரைக் கும்பிடாத குறை. வார மாத்திரை எதற்கு என்று நானே நிறுத்தச் சொன்னேன். எட்டு மாதம் கழித்துப் பழைய டாக்டரிடமே திரும்பிப் போனபோது இடது கையில் இரண்டு விரல்கள் வளைந்துவிட்டிருந்தன. வலி தெரியவில்லையே தவிர உள்ளே மூட்டு அரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்த விரல்கள் இனி நிமிராது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெத்தோட்ரெக்சேட் வேலை காட்டவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதனால் ஐந்தாவது வாரத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், அல்லது ஆறு மாதத்தில் நோய் கட்டுக்குள் வரவில்லையென்றால், சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ நடைமுறை. அளவைக் கூட்டலாம், இன்னொரு மருந்து சேர்க்கலாம். "இந்த மருந்து பலிக்கிறதா என்று எந்தத் தேதியில் முடிவு செய்வோம் டாக்டர்?" என்று கேட்டு, காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தத் தேதிவரை சித்தப்பா எதைச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அது தாண்டியும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே பதில் வந்தால் இன்னொரு நிபுணரிடம் காட்டத் தயங்காதீர்கள். மூட்டு நமக்காகக் காத்திருக்காது.

அண்ணன் சொல்வதும் பாதி சரிதான். புற்றுநோய்க்குக் கொடுப்பதும் இதே மருந்துதான், ஆனால் முடக்குவாதத்துக்கு அளவு மிகக் குறைவு. அவருடைய கவலையை உருப்படியான ஒரு வேலைக்குத் திருப்பிவிடுங்கள்: மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான் உள்ளே போகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனைத் தேதிகளும் அவர் பொறுப்பு.

இன்னொன்று. "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று காலையில் ஆளாளுக்குக் கேட்காதீர்கள். என் மனைவி ஒருநாள் வெடித்தாள், "உங்க எல்லாரையும் சமாதானப்படுத்துறதுதான் வலியை விடக் கஷ்டமா இருக்கு" என்று. அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டோம். எழுந்ததிலிருந்து விரல்களை முழுதாக மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான், அவளே எழுதுவாள். மருந்தை மறுபடி தொடங்கிய ஒன்பதாவது வாரம் எழுபது நிமிடம், பதினான்காவது வாரம் நாற்பது. வலி குறைந்ததாக அவளுக்கே தோன்றவில்லை, நோட்டு சொன்னது. டாக்டரும் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

அடுத்த கடிதத்தில் அம்மாவின் நிமிடக் கணக்கை எழுதுங்கள்.