பல்லவி சி மேஜர், சரணம் ஜி மேஜர்: நடுவில் ஏன் உதைக்கிறது?

கேள்வி: கீபோர்டில் சொந்தமாக மெட்டுப் போடுகிறேன். பல்லவி சி மேஜர், சரணத்தில் ஜி மேஜருக்குப் போனால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. எல்லாக் கீ மாற்றங்களும் (பாட்டின் ஆதார சுரத்தையும் ஸ்கேலையும் மாற்றுவது) அடங்கிய சார்ட் 4,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அதில் இருப்பதை அரைத் தாளில் நீங்களே எழுதிவிடலாம். சி மேஜரில் வரும் கார்டுகளை (சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டங்கள்) பாருங்கள்: டி மைனர், இ மைனர், எஃப், ஜி, ஏ மைனர். இந்த ஐந்தின் பெயரில் உள்ள கீகள்தான் சி-க்கு நெருங்கிய சொந்தம். மிச்சம் வரும் பி டிமினிஷ்ட் கார்டை விட்டுவிடுங்கள், அந்தப் பெயரில் கீ கிடையாது. கீபோர்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் சி ஷார்ப் பக்கத்து வீடுதான், சொந்தம் இல்லை. டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி சுருதியை ஏற்றிவிட்டு அதையே மாடுலேஷன் (பாட்டின் நடுவே முறையாகக் கீ மாற்றுவது) என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். ஜி கார்டு சி கீயிலேயே இருப்பதால் அதில் போய் நின்றாலும் காது இன்னும் சி-யில்தான் இருக்கும், அப்புறம் சி கீயில் இல்லாத, ஜி கீயில் மட்டும் உள்ள எஃப் ஷார்ப் திடீரென வந்ததும் உதைக்கிறது. இரண்டு கீக்கும் பொதுவான ஏ மைனரை வாசியுங்கள், அடுத்து டி செவன்த் (டி மேஜரோடு சி-யும் சேர்ந்த கார்டு), பிறகு ஜி. டி செவன்த்துக்குள்ளேயே எஃப் ஷார்ப் இருக்கிறது, காது தானாகத் திரும்பிவிடும். கீபோர்டு படிப்பவர்கள் எல்லாரும் வாசிக்கும் அந்த ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசைத் துண்டை எடுத்துப் பாருங்கள் (பாக் எழுதியதாக வெகுகாலம் சொன்னார்கள், பெட்சோல்ட் எழுதியது). இரண்டாம் பாதியில் சி ஷார்ப் வரும், டி மேஜரில் போய் நிற்கும், சி நேச்சுரல் (ஷார்ப் இல்லாத சி) ஆனதும் ஜி மேஜர் வீட்டுக்குத் திரும்பும். அதை வாசிக்க வைக்கிற எத்தனை வகுப்பில் இதைக் காட்டுகிறார்கள்? கிரேடு சர்டிஃபிகேட் வந்தால் போதும் என்று ஓட்டுகிறார்கள்.

மைனரில் மட்டும் ஒரு சிக்கல். ஏ மைனர் பாட்டில் இ மேஜர் கார்டு அடிக்கடி வரும், உடனே இ மேஜர் கீயும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கார்டில் உள்ள ஜி ஷார்ப் ஹார்மோனிக் மைனருக்காக (ஏழாம் சுரத்தை ஏற்றிய மைனர் ஸ்கேல்) இடையில் சேர்ப்பது, கீ சிக்னேச்சரில் (கீயின் ஷார்ப், ஃப்ளாட்களைத் தொடக்கத்தில் காட்டும் குறி) கிடையாது. இ மேஜருக்கு நான்கு ஷார்ப், ஏ மைனருக்கு ஒன்றுமில்லை. சொந்தம் என்றால் கீ சிக்னேச்சரில் ஒரு ஷார்ப் அல்லது ஃப்ளாட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதனால் இ மைனர்தான்.

சரணம் முடிந்து பல்லவிக்கு வரும்போது ஜி-யை ஜி செவன்த் ஆக்குங்கள், எஃப் நேச்சுரல் வந்துவிடும், நேரே சி.