சோலார் இன்வர்ட்டர் டிசைன்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், சிங்கப்பூர் யீஷூன்): அண்ணே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கிரிட்ல (ஊர் மின்சார லைன்ல) சேர்ற சிங்கிள் ஃபேஸ் இன்வர்ட்டர் (பேனலோட டிசியை ஏசியா மாத்துறது) பண்றேன். டிசி பஸ், அதாவது உள்ள டிசி ஓடுற லைன், 330 வோல்ட். ஸ்கோப்ல கரண்ட் அலையோட உச்சி தட்டையா வருது, கோட்ல தப்பா?

பதில்: கோட் இருக்கட்டும் தம்பி, பஸ் வோல்ட் பத்தல. நம்ம 230 வோல்ட்டுங்கறது ஆர்எம்எஸ், அதாவது ஒரு வகை சராசரி, உச்சி 325, கிரிட் 6 சதவீதம் ஏறுனா 345 கிட்ட போயிரும், அந்த உச்சிய விட பஸ் மேல இருந்தாதான் கரண்ட்டை உள்ள தள்ள முடியும். 380லேந்து 400க்குள்ள வைங்க.

கேள்வி (அதே தம்பி): அப்ப பஸ் கெபாசிட்டர் எவ்ளோ போடணும்?

பதில்: நல்லா கேட்டீங்க, பாதி இன்வர்ட்டர் சாகறது இங்கதான். பேனல் சீரா பவர் குடுக்குது, ஆனா சிங்கிள் ஃபேஸ் கிரிட் செகண்டுக்கு 100 தடவை ஏத்தி இறக்கித்தான் வாங்கும், அந்த வித்தியாசம் மொத்தமும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கற கெபாசிட்டர் தலையில. 3 கிலோவாட், 400 வோல்ட் பஸ், மேல கீழ மொத்தம் 20 வோல்ட் ஆட்டம் பரவால்லன்னா சுமார் 1200 மைக்ரோஃபேரட் வரும். ஆனா கணக்கு சரியா இருந்தா மட்டும் போதாது, சூடு முக்கியம். எலக்ட்ரோலிட்டிக் ரக கெபாசிட்டர்ல 10 டிகிரி குறைச்சா ஆயுசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நம்ம ஊர்லயோ வருஷம் பூரா வெயில்தான். ஜூரோங் பக்கம் ஒரு கூரையிலேந்து இறக்குன இன்வர்ட்டரைத் தொறந்து பாத்தேன், ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேத்துற உலோகப் பாகம்) ஒட்டியிருந்த ரெண்டு கெபாசிட்டர் மட்டும் மண்டை உப்பி, அடியில பழுப்பா கசிஞ்சு காஞ்சு கெடந்துச்சு, அரை சாண் தள்ளியிருந்த ரெண்டும் புதுசு மாதிரி இருந்துச்சு, எனக்கு மனசே ஆறல. 105 டிகிரி வரை தாங்கற ரகமா வாங்கி, ஹீட்சிங்க்லேந்து தள்ளி வைங்க தம்பி.

கேள்வி (டெரஸ் வீட்டு அக்கா, செராங்கூன்): ராத்திரி மழை பேஞ்சா காலையில இன்வர்ட்டர் ஐசொலேஷன் ஃபால்ட்னு காட்டுது, மதியம் தானா ஓடுது. அப்படியே விட்ரலாமா?

பதில்: விடாதீங்கக்கா. ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேனல் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல எவ்ளோ தடை இருக்குன்னு அது அளந்து பாக்கும், எங்கயோ கனெக்டர்ல இல்ல கேபிள்ல தண்ணி எறங்குது, வெயில்ல காயுது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா (வரிசையா கோத்த பேனல்கள்) மெகர் மீட்டர் வச்சு அந்தத் தடையை அளக்கச் சொல்லுங்க, நீங்க கூரை ஏறி அதைத் தொடாதீங்க.

கேள்வி (ஒரு அண்ணன், தெம்பனிஸ்): கரண்ட் போனா வெயில் இருந்தும் வீட்ல லைட் எரியலயே?

பதில்: அது பழுதில்லண்ணே, அப்படித்தான் செய்யணும். லைன் செத்துருச்சுன்னு நம்பி ஒருத்தர் கேபிள்ல கை வைப்பார், உங்க கூரை அதுக்கு உயிர் குடுத்துரக் கூடாது. இதுக்கான சர்வதேச தரம் ஐஇசி 62116, அந்த டெஸ்ட்ல 2 செகண்டுக்குள்ள விலகியாகணும். இன்வர்ட்டர் ஃப்ரீக்வென்சிய லேசா இழுத்துப் பாத்துக்கிட்டே இருக்கும், கிரிட் இருந்தா 50 ஹெர்ட்ஸ்லேந்து அசையாது, இல்லன்னா வழுக்கிட்டுப் போயிரும், உடனே கட். லைட் எரியணும்னா பேட்டரியும் பேக்கப் மோடும் உள்ள ஹைப்ரிட் ரகம் வேணும்.