பெரியவர்களோடு ஏற்காடு: எந்த வீட்டைப் பிடிப்பது?

கேள்வி: மே மாத லீவில் ஏற்காட்டில் வீடு எடுத்து மூன்று நாள் தங்க நினைக்கிறோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், 9 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. மாமனாருக்கு 76 வயது, முட்டி வலி. மாமியார் இன்சுலின் போடுகிறார். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, மாடியிலிருந்து ஏரி தெரியும் புது வீடு. இன்னொன்று, ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டுக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. எதை எடுக்கலாம்? இல்லை, பேசாமல் பழவேற்காட்டுக்கே போய்விடலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பழவேற்காட்டை முதலில் முடித்துவிடுவோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அதுதான். தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் பூநாரைகள் கூட்டமாக வருவது குளிர்காலத்தில். மே மாதத்தில் வெயில்தான் மிஞ்சும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு போய் வாருங்கள்.

சரி, ஏற்காடு. ஏரி பள்ளத்தில் இருக்கிறது. அது முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் வீடு சரிவில் இருக்க வேண்டும். சரிவில் வீடு என்றாலே படிகள்தான்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்குக் கொஞ்சம், அங்கிருந்து மாடிக்குக் கொஞ்சம். விளம்பரப் படத்தில் ஏரி வரும், இந்தப் படிகள் வராது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. முதல் நாள் எப்படியோ மாடிக்குப் போய்விடுவார். மறுநாள் நீங்கள் எல்லாரும் மேலே உட்கார்ந்து டீ குடிப்பீர்கள், அவர் கீழே தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, மே மாதத்தில் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஏரியைச் சுற்றியுள்ள சாலைகள் வண்டிகளால் திணறும். ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஹாரன் சத்தத்தில் கைக்குழந்தை தூங்குவது கஷ்டம். ஏரியை ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதும்.

அதனால் என் ஓட்டு எஸ்டேட் வீட்டுக்கு. ஆனால் பழைய வீட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வாசலில் உயரமான நிலைப்படி, பின்கட்டில் பாத்ரூம், ஈரம் பட்டால் வழுக்கும் தரை, இதெல்லாம் அங்கே சகஜம். வீட்டுக்காரர் அனுப்பும் போட்டோக்களை ஓரமாக வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும் ஆளை வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் தொடங்கி, மாமனார் படுக்கப்போகும் கட்டில் வரை, அங்கிருந்து பாத்ரூம் வரை போனைப் பிடித்தபடியே அவர் நடக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மாமனார் நடக்கப்போகும் வழி அது. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, பிடித்து எழுந்திருக்கக் கம்பி உண்டா, வழியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கட்டில் எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். முட்டியைவிடத் தாழ்ந்த கட்டிலிலிருந்தும் புதைகிற சோபாவிலிருந்தும் அவரால் எழுந்திருக்க முடியாது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு இருந்தால் அதுவே மேல்.

அடுத்தது வெந்நீர். 15 லிட்டர் ஹீட்டர் ஒன்றுதான் என்றால் இரண்டு பேர் குளித்ததும் தண்ணீர் ஆறிவிடும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். அது விளக்குக்கும் விசிறிக்கும்தான், ஹீட்டருக்கு உதவாது. கரண்ட் போனால் விறகடுப்பிலோ கேஸிலோ போட்டுத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் கட்டாயம் வேண்டும். பிரிக்காத இன்சுலினை அதில் வைக்கலாம், ஆனால் ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். உறைந்த மருந்து பிறகு பயன்படாது.

சமையல்காரர் இருந்தால் மாமியாரின் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசைவம் சமைக்கலாமா என்பதையும் கேளுங்கள். காசிமேட்டு வஞ்சிரத்தை ஐஸ் பெட்டியில் போட்டு மலையேற்றும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், இந்த முறை விலையைக் கேட்டு நீங்களே விட்டுவிடுவீர்கள்.

3 வயதுப் பிள்ளைக்காக எஸ்டேட்டுக்குள் கிணறு, திறந்த தொட்டி, குட்டை ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். திண்ணைக் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தை நுழைந்துவிடும். ஏரியில் படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் உட்காரக் கூடாது, பெரியவர்களும்தான். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ரயிலில் போவதாக இருந்தால், சென்ட்ரலிலிருந்து ராத்திரி கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சேலத்தில் இறக்கிவிடும். வாடகை வீடுகளை அநேகமாக மதியம்தான் திறப்பார்கள். அதுவரை பெரியவர்களையும் குழந்தைகளையும் எங்கே உட்கார வைப்பீர்கள்? காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் போனால் முற்பகலில் சேலம், ஒரு வேனைப் பிடித்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு. மலையேறும் முன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

அட்வான்ஸ் அனுப்பும் முன் மேப்பில் வீடு இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆள் கூடினால் எவ்வளவு, குழந்தைக்கும் கணக்கு உண்டா, வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வேனை மூன்று நாளும் வைத்துக்கொள்வதாக இருந்தால், டிரைவருக்குப் படுக்க இடமும் போர்வையும் தருவார்களா என்று கேளுங்கள். ராத்திரிக் குளிரில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தவரை நம்பி அந்த 20 வளைவுகளிலும் இறங்க வேண்டாம்.