ஆப்பிரிக்கா டூருக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டீர்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஆகஸ்ட் மாதம் கென்யாவின் மசாய் மாரா விலங்குக் காப்பகத்துக்குப் போக நினைக்கிறோம். 4 பகல், 3 இரவு. ஒரு ஏஜென்ட் நைரோபியிலிருந்து நைரோபி வரை தலைக்கு 1,150 டாலர் என்கிறார். இன்னொருவர் 640 டாலர் என்கிறார். இரண்டு பட்டியலும் பார்வைக்கு ஒன்றுதான். எதை நம்புவது?

பதில்: முதலில் அரசுக்குப் போகும் பணத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். இதை வசூலிப்பது நாரோக் மாவட்ட அரசு. எந்த ஏஜென்டுக்கும் இதில் தள்ளுபடி கிடையாது. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். காப்பகத்துக்குள்ளேயே தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும்.

ஆகஸ்ட்டில் மூன்று நாள் உள்ளே சுற்றினால் நுழைவுக்கே 600 டாலர். 640 டாலர் கொட்டேஷனில் மீதி 40. அதில் மூன்று இரவு தங்கல், சாப்பாடு, போகவர ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வண்டி, டிரைவர் சம்பளம் எல்லாம் அடங்காது. ஆக, மூன்றில் ஒன்று நடந்திருக்கும். நுழைவுக் கட்டணம் விலையில் சேரவில்லை, பட்டியலின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அல்லது 100 டாலர் சீசன் விலையைப் போட்டிருக்கிறார்கள். அல்லது நான்கு நாள் என்ற பெயரில் காப்பகத்துக்குள் போவது இரண்டு நாள்தான்: முதல் நாள் மாலை வந்து சேர்ந்ததும் கேம்ப்பில் ஓய்வு, நான்காம் நாள் காலை உணவு முடிந்ததும் புறப்பாடு. மூன்றாவது வகை மோசடி ஆகாது, மலிவான பேக்கேஜுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்புங்கள். எத்தனை நாளுக்கான நுழைவுக் கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறது? மொத்தம் எத்தனை சஃபாரி சுற்று, ஒவ்வொன்றும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? வண்டி கூரை திறக்கும் வேனா, ஃபோர் வீல் லேண்ட் க்ரூசரா? அதில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? கேம்ப்பின் பெயர் என்ன, செகெனானி, தலேக் போன்ற எந்த கேட்டுக்குப் பக்கம், உள்ளேயா வெளியேயா? ‘அல்லது அதற்கு இணையான விடுதி’ என்ற வரி இருந்தால் அந்த இணை எது என்றும் பெயரோடு கேளுங்கள். பலூன் சவாரி, மசாய் கிராமம், டிப்ஸ் மூன்றும் பெரும்பாலும் தனிச் செலவு.

வண்டி விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். மாராவின் பல பகுதி நம்மூர்க் கரிசல் போன்ற மண். ஒரு மழை பெய்தால் வேன் சிக்கிக்கொள்ளும், அதை இழுத்து வெளியே எடுப்பதற்குள் காலைச் சுற்று போய்விடும்.

ஆற்றைக் கடக்கும் காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) தான் வேண்டும் என்றால் ஜூலை முதல் அக்டோபர். அதற்கு அதிக விலை கொடுத்தே ஆக வேண்டும். ‘கடப்பதைக் காட்ட உத்தரவாதம்’ என்று எழுதிக் கொடுப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மந்தை கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவது சாதாரணம். சிங்கம், சிறுத்தை, யானை பார்த்தால் போதும் என்றால் ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். பெரும்பாலும் வறண்ட காலம், நுழைவுக் கட்டணமும் பாதி.

பணம் கட்டும்போது முழுத் தொகையையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். 30 சதவீதம் அட்வான்ஸ் என்பது பரவலான வழக்கம். முடிந்தால் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி வழியே திரும்பக் கேட்க வழி இருக்கும். தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு இப்போது விசா இல்லை, இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதிதான். 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் 30 டாலரும் சிறு சேவைத் தொகையும். தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதையே இரண்டு மூன்று மடங்குக்கு விற்கின்றன. இணைய முகவரி கென்ய அரசின் ‘go.ke’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் மாராவும் டான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவும் ஒட்டியே இருக்கின்றன. ஒரே வண்டியில் இரண்டையும் 6 நாளில் முடிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: விலங்குகளுக்கு மட்டும்தான் அந்த எல்லை திறந்திருக்கிறது. நடுவில் இருந்த பொலோகோன்ஜா சாவடி 1977-ல் மூடப்பட்டது. சுற்றுலா வண்டிகளுக்கு இன்னும் அந்த வழி இல்லை. மேற்கே இசெபானியா எல்லை வரை சுற்றிப் போய், அங்கே கென்ய வண்டியை விட்டு டான்சானிய வண்டிக்கு மாற வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் சாலையில் கழியும். ஆறு நாளில் அது போக, நைரோபி - மாரா பயணத்துக்கு அரை நாள், கடைசியில் டான்சானியாவின் அருஷா நகருக்குப் போக ஒரு நாள். மிச்சத்தைக் கணக்குப் போட்டால் நீங்களே ஒரு நாட்டை வெட்டிவிடுவீர்கள்.

டான்சானியா பக்கம் போனால் கட்டணங்கள் வேறு மாதிரி. செரெங்கெட்டிக்கு உச்ச சீசனில் 24 மணி நேரத்துக்கு 70 டாலர், வரி 18 சதவீதம் சேர்த்து 82.60. அருஷாவிலிருந்து சாலை வழியே செரெங்கெட்டி போகும் வழக்கமான வழி நோரோங்கோரோ பகுதியைக் கடக்கிறது, அதற்கு வரியோடு 70.80. அங்குள்ள எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க, வண்டிக்கு 250 டாலரும் வரியும், அதாவது 295. ‘நோரோங்கோரோ உண்டு’ என்று எழுதிவிட்டு விளிம்பில் நின்று போட்டோ எடுக்க வைத்து அனுப்பும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. ‘பள்ளத்துக்குள் இறங்கும் கட்டணம் சேர்த்தி’ என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசியில் சான்சிபார் தீவும் இருந்தால், 2024 அக்டோபரிலிருந்து அங்கே 44 டாலர் உள்ளூர்க் காப்பீடு கட்டாயம். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை, கென்யாவில் யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். அம்மாவுக்கு 64 வயது. போடலாமா?

பதில்: கென்யாவில் உங்களைக் கேட்காமல் இருக்கலாம், ஏனென்றால் நீங்கள் மஞ்சள் காய்ச்சல் இல்லாத இந்தியாவிலிருந்து போகிறீர்கள். கேட்கப்போவது திரும்பி வரும்போது நம் விமான நிலையம். மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் வந்து சேர்பவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த இந்தியச் சட்டத்தில் இடமிருக்கிறது. கென்யா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கென்யாவிலிருந்து டான்சானியாவுக்குள் போகும்போதும் சான்றிதழ் கேட்பார்கள்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் உயிர் பெறும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலைக்கு முன்பிருந்த பத்தாண்டுக் கெடு இப்போது இல்லை. எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவின் பேரில்தான் போடுகிறார்கள். மே மாதம் போன்ற விடுமுறைக் காலத்தில் இடம் கிடைக்காது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், அதன் எண்தான் மஞ்சள் அட்டையில் ஏறும். பிறகு பாஸ்போர்ட் மாறினால் பழையதையும் கூடவே வைத்திருங்கள்.

அம்மா விஷயம் தனி. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் போடக்கூடாது. மருத்துவரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகே டிக்கெட் எடுங்கள். அவர் வேண்டாம் என்றால் பட்டியலில் இல்லாத நாட்டுக்குத் திட்டத்தை மாற்றுவதுதான் நல்லது: தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, எகிப்து. அப்போதும் விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக இல்லாமல் துபாய், தோஹா வழியாக இருக்கட்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறாத பயணிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை முடிவு செய்வது கவுண்டரில் இருக்கும் சுகாதார அதிகாரி.

கேள்வி: கொரில்லா பார்க்கும் பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: கிடைக்கும் அனுபவம் ஒன்றுதான். ஒரு குழுவில் 8 பேர், கொரில்லாக்களோடு ஒரு மணி நேரம், 15 வயது நிறைந்திருக்க வேண்டும். இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் காலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ருவாண்டா கூடுதலாகத் தருவது வசதி: தலைநகர் கிகாலியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எரிமலைப் பூங்கா. உகாண்டாவின் ப்வின்டி காட்டுக்கு என்டபே விமான நிலையத்திலிருந்து 8 முதல் 10 மணி நேரம் சாலை. கிகாலியில் இறங்கி எல்லை தாண்டிப் போனால் அதில் பாதிதான், இந்த வழியில் 800 டாலர் பெர்மிட் லாபம்.

ஏமாறும் இடம் வேறு. ப்வின்டியில் பூஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என்று நான்கு பகுதிகள். பெர்மிட் அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே. ருஷாகா பெர்மிட்டுக்குப் பூஹோமாவில் அறை போட்டுக் கொடுத்தால் விடியுமுன்னே மலைப்பாதையில் பல மணி நேரம் ஓட வேண்டும். உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள பெர்மிட் நகல் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: கிளிமஞ்சாரோ, மச்சாமே வழி, 7 நாள், 1,050 டாலர். நல்ல டீல்தானே?

பதில்: இல்லை. பூங்காப் பாதுகாப்புக் கட்டணம் நாளைக்கு 70 வீதம் ஏழு நாள், 490. கூடாரக் கட்டணம் இரவுக்கு 50 வீதம் ஆறு இரவு, 300. மீட்புக் கட்டணம் 20. மொத்தம் 810, வரி சேர்த்து 955.80. மீதி 94 டாலரில் வழிகாட்டி, சமையல்காரர், மூன்று நான்கு சுமைதூக்கிகள், ஒரு வாரச் சாப்பாடு. யாருடைய கூலி வெட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை. சுமைதூக்கிக்குச் சாப்பாடு சரியில்லாத குழுவில் 5,895 மீட்டர் ஏறுவது உங்களுக்கும் ஆபத்து.

நாளைக் குறைத்து விலையைக் குறைக்கும் 5 நாள் மாரங்கு வழி பேக்கேஜையும் எடுக்காதீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழகப் போதிய நாள் இல்லை, உச்சியைத் தொடாமல் திரும்புகிறவர்கள் அதில்தான் அதிகம். மச்சாமேயில் சுமார் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, அன்றே சுமார் 3,900 மீட்டருக்கு இறங்கித் தூங்குவார்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் பழக்குகிறது.

கேள்வி: குழந்தைகளுக்கு 6 வயது, 3 வயது. மலேரியா பயம் இல்லாமல் விலங்குகளைக் காட்ட முடியுமா?

பதில்: தென்னாப்பிரிக்கா. க்ரூகர் மலேரியா பகுதி, அதை விடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலானஸ்பர்க் இருக்கிறது, தெற்குக் கடற்கரைப் பக்கம் ஆடோ யானைப் பூங்கா; இரண்டும் மலேரியா இல்லாதவை. இரண்டிலும் வாடகைக் காரை நீங்களே ஓட்டிச் சுற்றலாம், நம்மைப் போல இடதுபக்கப் போக்குவரத்துதான். பல தனியார் லாட்ஜ்கள் 6 வயதுக்குக் குறைந்தவர்களைத் திறந்த ஜீப்பில் ஏற்றுவதில்லை. அறை போடுமுன் கேளுங்கள். தாய் தந்தை பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், காலைக் குளிர் மட்டும் கடுமை.

கேள்வி: எகிப்து பேக்கேஜில் ‘அனைத்து நுழைவுச் சீட்டும் உண்டு’ என்று இருக்கிறது. பிறகு செலவு வருமா?

பதில்: வரும். லக்சரின் அரசர் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள்தான். துத்தன்காமுன், முதலாம் சேத்தி கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. கீசாவில் பெரிய பிரமிடுக்குள் நுழையவும் தனி. பல இடங்களில் கவுண்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். இயந்திரம் ரூபாயில் எடுக்கவா என்று கேட்டால் எகிப்திய பவுண்டையே தேர்ந்தெடுங்கள்.

‘எகிப்திய அருங்காட்சியகம்’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள். துத்தன்காமுனின் புதையல் இப்போது கீசாவில் 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தஹ்ரீர் சதுக்கத்தின் பழைய கட்டடத்தில் இல்லை. நைல் கப்பலில் முதல் இரவோ கடைசி இரவோ கரையில் கட்டிய நிலையிலேயே கழியும். கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் ஜன்னல். நதியைப் பார்ப்பது மேல்தளத்தில்தான், கூடுதல் விலை கொடுத்து ‘நைல் காட்சி’ அறை கேட்க வேண்டாம். அபு சிம்பெல் அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். பெரும்பாலும் பேக்கேஜில் இருக்காது.

கேள்வி: ஏஜென்ட் பேக்கேஜ் விலைக்கு மேல் ஜி.எஸ்.டி.யோடு டி.சி.எஸ். என்றும் ஒன்று கேட்கிறார். ஏமாற்றா?

பதில்: இல்லை, சட்டப்படி வாங்க வேண்டியது. ஜி.எஸ்.டி. போனது போனதுதான். டி.சி.எஸ். என்பது விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி, அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும் நாளின் விகிதத்தைப் பாருங்கள். யார் பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் பெயரில்தான் வரவு. வருமானமே இல்லாத அம்மாவின் எண்ணைக் கொடுத்தால் அவருக்காகத் தனியே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மூட்டை கட்டும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: முறுக்கையும் பொடியையும் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைக்கு ருவாண்டாவில் 2008 முதல், கென்யாவில் 2017 முதல், டான்சானியாவில் 2019 முதல் தடை. டப்பாவிலோ துணிப்பையிலோ போடுங்கள். கென்யாவின் தேசியப் பூங்காக்களுக்குள் ஒரு முறை உபயோகிக்கும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. ராணுவப் புள்ளி போட்ட உடை வேண்டாம், சட்டச் சிக்கல். கறுப்பும் அடர்நீலமும் செட்சி ஈக்களை இழுக்கும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போவதானால் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் வயிற்றுக்குள் நுழையாது, துணிப்பை எடுங்கள். டாலர் நோட்டு 2009-க்கு முன் அச்சானது, கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ளது என்றால் வாங்க மாட்டார்கள், இங்கே மாற்றும்போதே ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். கென்யா, டான்சானியாவில் பிளக் பிரிட்டிஷ் சதுர முள். தென்னாப்பிரிக்காவுக்கு நம் வீட்டு 15 ஆம்ப் மூன்று முள் பிளக்கே பொருந்தும்.