தளபதியின் மேல் ஏன் அத்தனை கோபம்?

அன்புள்ள சார்,

வியட்நாம் போரைப் பற்றிய ஓர் ஆவணப்படத் தொடரை இந்த வாரம்தான் பார்த்து முடித்தேன். ஒரு காட்சி மனதை விட்டுப் போகவே இல்லை. 1967ல் வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசுகிறார். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். கொஞ்ச காலத்திலேயே அதே மனிதரைக் கல்லூரிகளில் பேசவிடாமல் கூச்சல் போடுகிறார்கள், போர்க்குற்றவாளி என்கிறார்கள்.

என் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். "போரைத் தொடங்குவது அரசியல்வாதி, பழி சுமப்பது பட்டாளத்துக்காரன்" என்று அடிக்கடி சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஜனாதிபதி சொன்னதைச் செய்த தளபதியை மக்கள் வெறுத்தது அநியாயம் இல்லையா? போர் நடக்கும்போது தளபதி மக்கள் முன்னால் வந்து பேசுவதே தவறா?

கே. எஸ்.,
கோவை

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் அப்பா சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். மறுபாதியோடு எனக்குப் பிணக்கு உண்டு.

முதலில் ஏற்கும் பாதி. வியட்நாம் போரை வெஸ்ட்மோர்லாண்ட் தொடங்கவில்லை. 1964 ஜூனில் அவர் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் பொறுப்பேற்றபோது அங்கே இருந்தவர்கள் பதினாறாயிரம் சொச்சம் அமெரிக்கர்கள், அதுவும் 'ஆலோசகர்கள்' என்ற பெயரில். 1967 முடியும்போது 4,85,000 பேர். இந்தக் கணக்கு ஏறியது ஜனாதிபதி ஜான்சனும் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாராவும் எடுத்த முடிவுகளால். வட வியட்நாமிலிருந்து ஆளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்த பாதை லாவோஸ், கம்போடியா வழியாகப் போனது. அங்கே தரைப்படையை இறக்க அவருக்கு அனுமதி இல்லை. ரிசர்வ் படையை அழைக்க ஜான்சன் சம்மதிக்கவில்லை. ஆகவே போர் தோற்றதற்கு அவர் ஒருவரே காரணம் என்று யாராவது சொன்னால் நான் உங்கள் அப்பா பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் போரை எப்படி நடத்துவது என்பதில் அவருக்கு நிறைய சுதந்திரம் இருந்தது. அந்த இடத்தில் அவர் தேர்ந்தெடுத்த வழி, எதிரியைத் தேய்த்துத் தீர்ப்பது. வட வியட்நாம் புதிதாக அனுப்பும் ஆட்களைவிட அதிகமாகக் கொன்றுகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவர்களால் ஈடுகட்ட முடியாது என்பது கணக்கு. ஊரைப் பிடித்தோம், மக்களைக் காத்தோம் என்பதெல்லாம் அளவுகோல் இல்லை, பிணத்தின் எண்ணிக்கைதான் அளவுகோல். அதிக எண்ணிக்கை காட்டும் அதிகாரிக்கு நல்ல பெயர், பதவி உயர்வு என்று ஆனபோது என்ன நடக்கும்? வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் கணக்கில் சேர்ந்தான். இதை ஜான்சன் உத்தரவிடவில்லை. இது தளபதியின் தேர்வு. இதை மன்னிக்க என்னால் முடியாது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வி மக்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது. அங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. போர் மேல் வெறுப்பு வளர்ந்தபோது கூடவே தளபதி மேலும் வெறுப்பு வளரவில்லை. 1965க்கான 'ஆண்டின் மனிதர்' என்று டைம் பத்திரிகை அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த ஆகஸ்டில் காலப் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்று சொன்னவர்கள் 24 சதவீதம். 1967 அக்டோபரில் அது 47 சதவீதம். இந்த இடைவெளி முழுக்க அவர் பெரும்பாலானவர்களுக்கு மதிப்புக்குரிய ராணுவ வீரர்தான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் சிசிலியிலும் நார்மண்டியிலும் சண்டை போட்டவர், நிமிர்ந்த உடம்பு, மொடமொடப்பான சீருடை. ஜனாதிபதியை நம்பாத குடும்பத்திலும் ஜெனரலை நம்பினார்கள்.

ஜான்சன் கைவைத்தது அந்த நம்பிக்கையில்தான். தன் பேச்சை யாரும் நம்பவில்லை என்று தெரிந்ததும் 1967 ஏப்ரலில் ஜெனரலைக் களத்திலிருந்து வரவழைத்தார். அந்த மாதம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் போருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். 15ஆம் தேதி அதே ஊரில் மாபெரும் ஊர்வலம். 24ஆம் தேதி அதே நியூயார்க்கில் பத்திரிகை ஆசிரியர்கள், அதிபர்கள் கூடிய விருந்தில் வெஸ்ட்மோர்லாண்ட், உள்நாட்டில் நடக்கும் தேசப்பற்றில்லாத செயல்கள் தன்னை வருத்துவதாகச் சொன்னார். செனட்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் கொதித்துப் போனார். எதிர்ப்புக் குரலை அடக்க அரசு தளபதியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது அவர் போன்றவர்களின் குற்றச்சாட்டு. அது சரியான குற்றச்சாட்டு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்த காட்சி 28ஆம் தேதி நடந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே களத் தளபதியை அழைத்துவந்து நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேசவைப்பது அமெரிக்காவில் அதுவரை இல்லாத வழக்கம். 1951ல் கொரியப் போரின் தளபதி மெக்ஆர்தர் பேசினார், ஆனால் அவர் பதவி நீக்கப்பட்டு வந்தவர். வெஸ்ட்மோர்லாண்ட் பேசி முடித்து அவையைப் பார்த்து சல்யூட் அடித்தார். அவை எழுந்து நின்றது. அதே நாளில் ஹூஸ்டனில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் முகமது அலியின் பெயரை அழைத்தார்கள். அவர் ஒரு அடி முன்னால் வைக்க மறுத்தார். குத்துச்சண்டைப் பட்டம் பறிபோனது.

நவம்பரில் இரண்டாவது முறை வரவழைத்தார்கள். 21ஆம் தேதி வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால், போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றார். அதற்குச் சில நாள் முன்னால் தொலைக்காட்சியில், இரண்டு வருடத்துக்குள் படைகளைக் குறைக்கத் தொடங்கலாம் என்றும் சொல்லியிருந்தார்.

பத்து வாரம்தான் ஆகியிருந்தது. 1968 ஜனவரி கடைசியில், வியட்நாமியரின் டெட் புத்தாண்டு விடுமுறையில், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் வியட்காங்கும் வட வியட்நாம் படையும் ஒரே சமயத்தில் தாக்குதல். 31ஆம் தேதி விடிவதற்கு முன் சைகோனில் அமெரிக்கத் தூதரகத்தின் சுற்றுச்சுவரை வெடிவைத்து உடைத்துக்கொண்டு 19 பேர் உள்ளே புகுந்தார்கள். காலையில் சண்டை ஓய்ந்ததும் வெஸ்ட்மோர்லாண்ட் அங்கே வந்தார். சுவரில் ஆள் நுழையும் ஓட்டை, தோட்டத்தில் சடலங்கள், புல்வெளியில் ரத்தம். அதற்கு நடுவில் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் நின்று, எதிரியின் திட்டம் தோற்றுவிட்டது என்று நிருபர்களிடம் சொன்னார். அவர்களால் காதுகளை நம்ப முடியவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், ராணுவக் கணக்குப்படி அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. டெட் தாக்குதலில் வியட்காங் படை மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தது. எந்தப் பெரிய நகரத்தையும் அவர்களால் தக்கவைக்க முடியவில்லை. ஹுவே நகரம் மட்டும் நாலு வாரம் தாக்குப் பிடித்தது. ஆனால் மக்கள் எடை போட்டது அந்தக் காலைப் பேச்சை இல்லை, நவம்பர் பேச்சை. மார்ச் 10ஆம் தேதி, இன்னும் 2,06,000 படையினர் கேட்கப்படுகிறார்கள் என்ற செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. ஜெயித்துக்கொண்டிருக்கும் போருக்கு எதற்கு இன்னும் இரண்டு லட்சம் பேர் என்று சாதாரண ஜனம் கேட்டது. மார்ச் முடிவதற்குள் தளபதி மாற்றம் அறிவிக்கப்பட்டது, ஜான்சனும் மறுபடி போட்டியிட மாட்டேன் என்றார்.

அநியாயம் இல்லையா என்று கேட்டீர்கள். அவருக்கு அப்புறம் தளபதியாக வந்த கிரைட்டன் ஏப்ரம்ஸைப் பாருங்கள். அவர் காலத்திலும் சாவு நிற்கவில்லை. 1969ல் மட்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். ஆனால் வெஸ்ட்மோர்லாண்டின் பெயர் மேல் விழுந்த கசப்பு ஏப்ரம்ஸ் மேல் அந்த அளவு விழவில்லை. வந்தவுடனே அவர் தன் அலுவலகத்துக்குச் சொன்னது, நடப்பதே பேசட்டும், நாம் முன்கூட்டிப் பேசவேண்டாம் என்பதுதான். மக்கள் சாவை மட்டும் கணக்கு வைத்துக் கோபப்பட்டிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. தங்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதையும் கணக்கு வைத்திருந்தார்கள்.

வெஸ்ட்மோர்லாண்ட் மனமறிந்து பொய் சொன்னாரா? இதைத்தான் 1982ல் சிபிஎஸ் தொலைக்காட்சி கிளப்பியது. எதிரியின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அவர் தலைமையகத்தில் சதி நடந்தது என்றது. அவர் 12 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1967ல் அவரது தலைமையகம் வியட்காங்கின் கிராமத் தற்காப்புப் படையினரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மொத்தத்தை மூன்று லட்சத்துக்குள் நிறுத்தியது உண்மை. சிஐஏ ஆய்வாளர் சாம் ஆடம்ஸ் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வாதாடிக்கொண்டிருந்ததும் உண்மை. அந்தத் தற்காப்புப் படையினர் போராளிகளே அல்ல என்பது ஜெனரலின் வாதம். ஆனால் அவரிடமே உளவுப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெனரல் மெக்கிறிஸ்டியன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: 1967 மே மாதம் கூடுதல் எண்ணிக்கையோடு ஒரு தந்தியைக் கொண்டுபோனபோது, இது வாஷிங்டனில் அரசியல் வெடிகுண்டாகிவிடும் என்று சொல்லி வெஸ்ட்மோர்லாண்ட் அதை வாங்கி வைத்துக்கொண்டார் என்று. மே மாதம் என்பதைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் எழுந்து நின்று கைதட்டிய அடுத்த மாதம். 1985 பிப்ரவரியில் தீர்ப்புக்கு முன்பே வழக்கை அவர் விலக்கிக்கொண்டார். சிபிஎஸ் பணம் எதுவும் கொடுக்கவில்லை. அவரைத் தேசப்பற்றில்லாதவர் என்று தாங்கள் சொல்லவில்லை என்று மட்டும் அறிக்கை விட்டது.

அவர் தேசப்பற்றை நானும் சந்தேகிக்கவில்லை. கைதட்டல் வாங்கிய மேடையிலிருந்து இறங்கிய பிறகு, அந்த மேடையில் சொன்னதற்கு எதிரான எண்ணை வெளியே விட மனம் வரவில்லை என்றுதான் அந்தச் சாட்சியத்தைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தளபதி பேசுவதே தவறா? தவறில்லை. 2007ல் இராக் போர் அமெரிக்கர்களுக்கு அறவே பிடிக்காமல் போயிருந்த நேரம். ஜனாதிபதி புஷ்ஷும் ஜான்சன் செய்ததையே செய்தார், இராக்கில் தளபதியாக இருந்த ஜெனரல் பெட்ரேயஸை முன்னால் நிறுத்தினார். பெட்ரேயஸ் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே வியட்நாம் போர் அமெரிக்க ராணுவத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களைத்தான். செப்டம்பரில் அவர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லத் தொடங்கிய அன்றைக்கே, அவரைத் துரோகி என்று சீண்டும் முழுப்பக்க விளம்பரம் வெளியானது. போரை எதிர்த்தவர்களிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. செனட் 72க்கு 25 என்று வாக்களித்து அதைக் கண்டித்தது. அந்த மாதமும் போர் தவறு என்றே பெரும்பான்மை சொன்னது, அவர் மேல் நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தவர்களும் பெரும்பான்மைதான்.

ஒரு வித்தியாசம் முக்கியம். அவர் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள் இரண்டு கட்சி உறுப்பினர்களின் கேள்விக்கும் பதில் சொன்னார். குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஜான் வார்னர், இந்தப் போர் அமெரிக்காவைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை ஐயா, என்றார் பெட்ரேயஸ். பிறகு அதைக் கொஞ்சம் மழுப்பினார், ஆனால் முதலில் வாயில் வந்தது அதுதான். புஷ்ஷின் ஆட்களுக்கு அது ரசித்திருக்காது. அவர் போர்முறை பற்றி எனக்கு எவ்வளவோ விமர்சனம் உண்டு, இருந்தும் அந்தப் பதிலுக்காக அவரை மதிக்கிறேன்.

1967 ஏப்ரலில் வெஸ்ட்மோர்லாண்டிடம் அந்த அவையில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை, கைதட்ட மட்டுமே முடிந்தது. மக்கள் பிரதிநிதிகள் தளபதியைக் கூப்பிடட்டும், உட்காரவைத்துக் கேள்வி கேட்கட்டும். தோற்றுக்கொண்டிருக்கும் அரசு தன் வாதத்தைச் சொல்ல அவருக்கு மைக் கொடுத்தால், அதை மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். இதை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பட்டாளத்தில் இருந்தவர், என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.