மழையில் நின்றுபோன வண்டி: பம்பை மாற்றும் முன் அதன் தலையைப் பாருங்கள்

கேள்வி: மூன்று கை மாறி வந்த 2010 மாடல் பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் பைக் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் வால்பாறையிலிருந்து மழையில் இறங்கும்போது, ஆழியாறை நெருங்கும் நேரத்தில் இன்ஜின் திடீரென்று நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து எதுவும் செய்யாமலே ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்கு வந்து வாட்டர் சர்வீஸ் செய்தேன். அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்ப் முழுவதையும் மாற்ற வேண்டும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் போயிருக்கலாம், ஒன்றே கால் லட்சம் ஆகும் என்கிறார்கள். ஜூலையில் லடாக் போகத் திட்டமிட்டிருக்கிறேன். மாற்றிவிடலாமா? - வாசகர், கோவை.

பதில்: மாற்றாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மழையில் நிற்கிறது, காய்ந்ததும் ஓடுகிறது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு அடியோடு படுத்துவிடுகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பம்ப் மோட்டார் நன்றாகவே இருக்கக்கூடும். முதலில் சந்தேகப்பட வேண்டியது, பம்புக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரை. இந்தத் தலைமுறை ஆர் 1200 வண்டிகளில் உலகமெங்கும் ஓட்டுநர்களை நடுவழியில் இறக்கிவிட்டதற்குப் பெயர்போன பாகம் அது. பம்பையும் இசியூவையும் சேர்த்து விலை சொன்னவருக்கு இது தெரியாது என்றால் அவரிடம் வண்டியை விடக்கூடாது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் இன்னும் விடக்கூடாது.

பழைய வண்டிகளில் ரிலே என்ற ஒரு மின் சுவிட்ச் இருக்கும். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடும், அவ்வளவுதான். இதில் அப்படியில்லை. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று இசியூ சொல்ல, அதற்கேற்பப் பம்பின் வேகத்தைக் கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை வைத்த இடத்தைப் பாருங்கள். டேங்க்கின் வலப்பக்கத்தில், பம்ப் தொங்கும் ஃபிளாஞ்சின், அதாவது டேங்க் துளையை மூடும் தட்டின், தலையில், கறுப்பு வட்டு போல ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மழைநீரும் கழுவுகிற நீரும் அந்தப் பள்ளத்தில் தேங்கும். வட்டைச் சுற்றியுள்ள உலோக வளையம் நாளடைவில் அரித்து உப்பும், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும், அந்த விரிசல் வழியே ஈரம் உள்ளிருக்கும் சர்க்யூட்டுக்குப் போய்ச்சேரும். மழையிலும் சேற்றிலும் ஓட்டத்தான் இந்த வண்டி என்று விளம்பரம் செய்பவர்கள் மின்னணுப் பாகத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்ததை என்னவென்று சொல்வது?

சோதிப்பது கடினமில்லை. சுற்றுச் சத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கட்டும். சாவியைத் திருப்பி டேங்க்கின் வலப்பக்கம் காதை வையுங்கள். ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால், சீட்டை எடுத்துவிட்டு வலப்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நட்சத்திரத் தலைத் திருகுகள், சிறிது நேர வேலை. கறுப்பு வட்டுக்கு இரண்டு கனெக்டர்கள் வரும். ஒன்று வண்டியின் வயரிங்கிலிருந்து வருவது, மற்றொன்று கீழே பம்புக்குப் போவது. இரண்டையும் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, வட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா? பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால், பம்புக்குப் போகும் கனெக்டருக்கு ஃபியூஸ் போட்ட ஒயர் வழியாக, பாசிட்டிவ் நெகட்டிவ் பார்த்து, நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதை எலக்ட்ரிஷியனிடம் விடுங்கள். பம்ப் ஓடினால் குற்றவாளி கன்ட்ரோலர். ஓடவில்லை என்றால்தான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும். ஃபியூஸ் போயிருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பவரிடம் வண்டியைக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். இந்த மாடலில் வழக்கமான ஃபியூஸ் பெட்டியே கிடையாது. டிஸ்ப்ளேயில் திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர் பூட்டின் எச்சரிக்கை தெரிந்தால் அது வேறு கோளாறு, தனியாக எழுதுங்கள்.

இனி ஒரே ஒரு விதிவிலக்கு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன சோதனைகளுக்கு முன், சாவியைத் திருப்பாமல் தகட்டை மட்டும் கழற்றி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா? ஃபிளாஞ்சைச் சுற்றி, குழாய் வந்து சேரும் இடத்தில், ஈரப் பிசுபிசுப்பு இருக்கிறதா? வெள்ளைத் துணியால் துடைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். துளி ஈரம் இருந்தாலும் சாவியைத் திருப்பாதீர்கள், நேரடி மின்சாரம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் யாரையும் புகைக்க விடாதீர்கள். ஃபிளாஞ்சே விரிசல் விட்டிருக்கலாம். இதற்காகவே 2015இல் அமெரிக்காவில், 2011 வரையிலான ஆர், கே வரிசை வண்டிகள் பலவற்றை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. உங்களுடையது மூன்று கை மாறிய வண்டி. அப்படி ஏதேனும் அறிவிப்பு வந்திருந்தாலும் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போய்க் குப்பையில் விழுந்திருக்கும். ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்ற நம்மை நடையாய் நடக்க வைக்கும் ஏற்பாடு, புதிய உரிமையாளருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போய்ச்சேர வழி செய்யவில்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ‘இந்த வண்டிக்கு நிலுவையில் ஏதேனும் வேலை இருக்கிறதா’ என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதில் வேண்டாம். கசிவின் மேல் சிலிகான் பசையை அப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்துவிடும். அந்தக் கசிவுக்குக் கீழே சூடான இன்ஜின் இருக்கிறது.

கசிவு இல்லை, கன்ட்ரோலர்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோலர் தனிப் பாகமாகவே விற்கப்படுகிறது. டேங்க்கை இறக்காமல், பம்பைத் திறக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் இதை மட்டும் மாற்றினால் ஒர்க்‌ஷாப்புக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் முழு பம்ப், கூடவே இசியூ. இசியூ போய்விட்டது என்று சொல்பவரிடம், எந்தக் கோளாறுக் குறியீடு வந்தது, அதன் அச்சுப் பிரதியைக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

பாகத்தை வாங்கும்போதும் எச்சரிக்கையாக இருங்கள். சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு உரிய பாக எண் கிடைக்கும். அதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே விலை பேசுங்கள். ‘வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருகிறார், பில் கிடையாது’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய வண்டியில் கழற்றியதைத் துடைத்து, புதிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் உங்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பின்களில் கீறல் இருந்தால் அது ஏற்கெனவே மாட்டிக் கழற்றியது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தர மறுத்தாலோ, மாற்றாததற்குப் பணம் வாங்கினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. தேதி மேல் தேதி தள்ளிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் காகிதம் இருந்தால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு.

மற்றொரு தந்திரம், கன்ட்ரோலரைத் தாண்டி பம்புக்கு நேரடியாக ஒயர் இழுத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று பில் போடுவது. வண்டி ஓடும், நீங்களும் நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள். ஆனால் பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றிச் சூடாகித் தேயும். பேட்டரியிலிருந்தே இழுத்திருந்தால், வண்டி கீழே விழுந்து இன்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காது. அடுத்த ஊர் போய்ச்சேர மட்டும் உதவும் வழி அது.

லடாக்கைப் பொறுத்தவரை, தள்ளிப்போட வேண்டாம். புதிய கன்ட்ரோலரைப் பொருத்தும்போது ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கனெக்டர்களில் மின் இணைப்புகளுக்கு உரிய கிரீஸைத் தடவச் சொல்லுங்கள், சக்கரத்துக்குப் போடும் கிரீஸை அல்ல. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். மழை கிடைத்தால் நல்லது. வண்டியை வாளித் தண்ணீரில் கழுவுங்கள், டேங்க் பக்கம் வாட்டர் சர்வீஸ் குழாயைக் காட்டவே கூடாது. கன்ட்ரோலரைத் தாண்டி இணைக்கும் தயார் கேபிள் ஒன்று இந்த மாடலுக்கென்றே விற்கிறது. இரு முனைகளிலும் சரியான கனெக்டர் இருப்பதால் ஒயரை வெட்ட வேண்டியதில்லை. அதையும், தகட்டைக் கழற்றத் தேவையான நட்சத்திரத் தலைச் சாவியையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். மணாலியைத் தாண்டிய பிறகு இவற்றைக் கடையில் தேடிப் பயனில்லை.